வலென்சியாவை ருசி பார்க்க மின்சைக்கிள் வேண்டுமா, கால் போதுமா?

ஸ்பெயினில் மாட்ரிட், பார்சலோனாவுக்கு அடுத்தபடியாக வலென்சியாவைத் திட்டத்தில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து சிக்குகிறார்கள். கைடுடன் மின்சைக்கிளில் ஊரைச் சுற்றி, நடுநடுவே உள்ளூர்ப் பண்டங்களை ருசி பார்க்கும் டூர்கள் அங்கே நிறைய உண்டு. அதற்குப் பணம் கட்டுவதா? சைக்கிளை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடைகளை நாமே தேடிக்கொள்வதா? இல்லை, நடந்தே பார்த்துவிடலாமா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நகரத்துக்குள் சுற்ற மின்சைக்கிள் தேவையே இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சாப்பாடு விளைகிற வயல்களுக்கும் ஏரிக்கும் போவதென்றால் அதைவிட நல்ல வாகனம் கிடையாது. ஆகவே எந்த டூர் மலிவு என்பதை அப்புறம் பார்க்கலாம். அது ஊரை விட்டு வெளியே போகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

ஒரு சின்ன விளக்கம். இங்கே மின்சைக்கிள் என்று நான் சொல்வது ஸ்கூட்டர் மாதிரி தானாக ஓடும் வண்டியை அல்ல. பெடலை மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும். ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அதன் உதவி நின்றுவிடும். லைசென்ஸ் வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும்.

## எதை வைத்து அளப்பது

தூரம். வலென்சியா தட்டையான ஊர். மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. பழைய நகரத்தின் ஒரு கோட்டை வாசலிலிருந்து அடுத்ததற்கு நிதானமாகப் போனாலும் சீக்கிரம் வந்துவிடும். மலைமேல் ஏறும் கிரனாதா மாதிரி ஊர்களில் மோட்டார் உதவி உயிர்காக்கும். இங்கே ஏற்றத்துக்காக அது தேவையில்லை, தூரத்துக்காக மட்டுமே தேவை. வடக்கே அல்போராயா என்கிற சிற்றூர் சுமார் 5 கிலோமீட்டர். கிழக்கே கபன்யால் கடற்கரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். தெற்கே அல்புஃபேரா ஏரிக்கரையில் இருக்கும் எல் பால்மார் கிராமம் மட்டும் ஒரு வழிக்கே 20 கிலோமீட்டரை நெருங்கும்.

கடிகாரம். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வலென்சியாவில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எஸ்மொர்சாரெத் என்கிற முற்பகல் சாப்பாடு. மதியம் இரண்டு மணிக்கு மேல் பயேயா என்கிற, அகலத் தட்டில் சமைக்கும் அரிசிச் சாப்பாடு. சாயங்காலம் ஒர்சாத்தா என்கிற கிழங்குப் பானம். இரவு ஒன்பதுக்கு மேல்தான் டின்னர். மெர்காடோ சென்ட்ரால் என்கிற மத்தியச் சந்தை காலை ஏழரைக்குத் திறந்து பிற்பகல் மூன்றுக்கு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நாம் தேர்ந்தெடுக்கும் வழி இந்தக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எத்தனை யூரோ கொடுத்தாலும் நல்ல சாப்பாடு கிடைக்காது.

குடி. ருசி பார்க்கும் டூர் என்றால் வைன், வெர்மூத் என்கிற மூலிகை வைன், கிரெமாயெத் என்கிற ரம் கலந்த காப்பி எல்லாம் வரும். ஸ்பெயினில் மது வரம்பு காருக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் பொருந்தும். வரம்பைத் தாண்டிப் பிடிபட்டால் அபராதம் 500 யூரோவில் தொடங்குகிறது.

உடன் வருபவர்கள், உணவுக் கட்டுப்பாடு, மொத்தச் செலவு. முட்டிவலி உள்ள அம்மா, ஆறு வயதுப் பிள்ளை, சைவம் மட்டும் சாப்பிடும் கணவர் என்று குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும்தான் கடைசியில் முடிவு செய்யும்.

## கைடுடன் மின்சைக்கிள், ருசி பார்த்தலும் சேர்த்து

இந்த டூர்களில் பெரும்பாலானவை துரியா பூங்கா வழியாகத்தான் போகும். அதற்குக் காரணம் உண்டு. 1957 அக்டோபர் 14 அன்று துரியா ஆறு கரைபுரண்டு ஊரையே மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே ஒரு புதிய வாய்க்காலில் திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பழைய ஆற்றுப்படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டபோது ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதனால் அது பூங்கா ஆனது. இன்று சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு, பாலங்களுக்கு அடியில், ஒரு சிக்னல்கூட இல்லாமல் சைக்கிள் ஓட்டலாம். மேற்கே விலங்குகள் பூங்காவில் தொடங்கி கிழக்கே கட்டடக்கலைஞர் காலத்ராவா வடிவமைத்த கலை அறிவியல் நகரம் என்கிற கட்டடத் தொகுதி வரை போய்விடலாம். முதல்முறை மின்சைக்கிளில் ஏறுகிறவர் கை பழகுவதற்கு இதைவிடப் பத்திரமான இடம் அமையாது.

கைடால் கிடைக்கும் உண்மையான லாபம் வழி காட்டுவது அல்ல, வழியை ஃபோனே காட்டிவிடும். எஸ்மொர்சாரெத் நேரத்தில் கபன்யாலில் ஒரு பாருக்குள் போனால் கவுண்டரில் பத்துப் பதினைந்து வகை நிரப்புப் பொருள்கள் தட்டுகளில் இருக்கும். அரையடி நீளத்துக்கும் மேலான ரொட்டியில் எதை வைக்கச் சொல்வது, பாதி ரொட்டி கேட்கலாமா, கூட வரும் வேர்க்கடலைக்கும் ஆலிவுக்கும் தனிக் காசா என்பதெல்லாம் புதிதாகப் போகிறவருக்குத் தெரியாது. கூட்டம் நெருக்கும்போது பார்க்காரர் நின்று விளக்கவும் மாட்டார். அங்கே உள்ளூர் ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

சாப்பிட்டு முடித்ததும் வருகிற கிரெமாயெத்தையும் அவர் இருந்தால்தான் கவனித்துப் பார்ப்பீர்கள். ரம்மில் சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, இரண்டு மூன்று காப்பிக்கொட்டை போட்டு நெருப்பு வைப்பார்கள். நீலச் சுடர் அடங்கியதும் அதன்மேல் எஸ்பிரஸ்ஸோவை மெதுவாக ஊற்றுவார்கள். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கீழே தேன் நிறம், அதன்மேல் கறுப்பு, உச்சியில் நுரை என்று அடுக்கடுக்காக நிற்கும். எரித்ததில் சாராயம் கொஞ்சம் குறையுமே தவிர முழுக்கப் போய்விடாது. அதற்கப்புறமும் சைக்கிள் ஓட்ட வேண்டியிருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். முதலாவது, இப்படிப்பட்ட டூர்களில் பல மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் கோட்டை வாசல்கள், கதீட்ரல், பூங்கா, காலத்ராவா கட்டடங்கள், கடற்கரை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு மிஞ்சுவது மூன்று இடங்களில் தலா கால் மணி நேரம். ஒரு வாய் ஹாம், ஒரு துண்டு சீஸ், அரைக் கிளாஸ் ஒர்சாத்தா. ருசி பார்த்தது போல இருக்குமே தவிர சாப்பிட்டது போல இருக்காது. இரண்டாவது, பழைய நகரத்தின் சந்துகளில் கூட்டம் அதிகம். அங்கே நடந்துபோகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. அதனால் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க நேரும். சந்தைக்குள் சைக்கிளோடு போக முடியாது. வெளியே பூட்டிவிட்டு ஓட்டமாக உள்ளே போய் வர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் பாருங்கள். "டேஸ்டிங் உண்டு" என்று போட்டிருந்தால் எத்தனை, எங்கே, பானம் சேர்த்தா என்று கேளுங்கள். ருசி பார்த்தல் மதியச் சாப்பாட்டுக்கு ஈடாகாது என்பதால் அதற்குத் தனியாகச் செலவு வரும். கைடுக்கு டிப்ஸ் கட்டாயமில்லை. ஆனால் பலர் கொடுக்கிறார்கள். கீழே போட்டுச் சேதமானால் பொறுப்பு யாருக்கு என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

இதே டூர் ஊரை விட்டு வெளியே, அல்போராயா வயல்களுக்கோ அல்புஃபேராவுக்கோ போகுமென்றால் என் கருத்து அப்படியே மாறிவிடும். வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்த வயலில் என்ன பயிர், தண்ணீர் முறை யாருக்கு என்பதையெல்லாம் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் அந்த நிலம் புரியும். வலென்சியாவைச் சுற்றியுள்ள இந்தப் பாசன நிலத்தை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019இல் வேளாண் பாரம்பரியமாக அறிவித்திருக்கிறது. அந்தத் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் நீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறது. விவசாயிகளே நீதிபதிகள். விசாரணை முழுக்க வாய்ப்பேச்சில்தான். உங்கள் டூர் வியாழன் அன்று என்றால் பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

## மின்சைக்கிளை வாடகைக்கு எடுத்து நாமே போவது

தெற்கே அரிசி வயல், வடக்கே கிழங்கு வயல் என்று இரண்டு திசைகள் உண்டு. முழு நாள் கையில் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

தெற்கு வழி. கலை அறிவியல் நகரத்தைத் தாண்டிக் கடலோரமாகப் பினேதோ, எல் சலேர் என்று சைக்கிள் பாதை போகிறது. வழியில் ஓர் அகலமான கான்கிரீட் வாய்க்காலைப் பாலத்தில் கடப்பீர்கள். 1957க்குப் பிறகு ஆற்றைத் திருப்பிவிட்ட புதிய துரியா அதுதான். 2024 அக்டோபர் 29 பெருவெள்ளத்தில் வலென்சியா நகரத்தின் மையத்தைக் காப்பாற்றியது அந்த வாய்க்கால். ஆனால் அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா, கதரோஹா போன்ற ஊர்கள் சீரழிந்தன. மாகாணம் முழுக்க 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று இரு கரைகளையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

எல் சலேருக்கு அப்புறம் தெவேசா என்கிற பைன் காடு. அதைத் தாண்டினால் ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி, ஏரியைச் சுற்றி அரிசி வயல். இந்த வயல் மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். மே மாதம் தண்ணீர் விட்டு விதைப்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. செப்டம்பரில் அறுவடை. குளிர்காலத்தில் மறுபடி தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அப்போது வானம் முழுக்கத் தரையில் தெரியும், பறவைகளும் ஏராளம். பிப்ரவரி, மார்ச்சில் போனால் காய்ந்த சேறுதான் பெரும்பாலும் கண்ணில் படும். அந்த மாதங்களில் போகிறவர்கள் இவ்வளவு தூரம் மிதிப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளலாம்.

எல் பால்மாரில் சாப்பிட வேண்டியவை இரண்டு. ஒன்று ஆல் இ பெப்ரே: ஏரி விலாங்கு மீனைப் பூண்டு, மிளகாய்ப்பொடி, உருளைக்கிழங்கு போட்டுக் கொதிக்கவிடும் குழம்பு. இன்னொன்று பயேயா. வலென்சியாக்காரர்களின் பயேயாவில் கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்கிற பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ இருக்கும். சில வீடுகளில் நத்தையும் போடுவார்கள். இறாலும் மட்டியும் கலந்து வைப்பது வேறு வகை. நல்ல பயேயாவில் அரிசி விரல்கனத்துக்கும் குறைவாகத்தான் பரவியிருக்கும். தட்டின் அடியில் லேசாகப் பிடித்துக் கருகிய சொக்காராத் என்கிற படலத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் சாப்பிடுவார்கள். அதற்காகவே மேசையில் போட்டி நடக்கும். இதைச் சமைக்க நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குறைந்தது இருவருக்கு என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். தனியாகப் பயணிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பத்தே நிமிஷத்தில் ஒருவருக்கு மட்டும் பயேயா வந்தால் அது முன்பே செய்து வைத்தது.

இந்த வழியில் மோட்டார் கொடுத்த காசுக்கு முழுசாக உழைக்கும். போகும்போது உற்சாகத்தில் மிதித்துவிடலாம். வயிறு நிறைய அரிசி சாப்பிட்டு, எதிர்க்காற்றில், நாலு மணி வெயிலில் 20 கிலோமீட்டர் திரும்பி வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

வடக்கு வழி. பழைய ரயில்பாதையை மாற்றிப் போட்ட வியா சூர்ரா என்கிற சைக்கிள் பாதை பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து தொடங்கி வயல்களுக்கு நடுவே வடக்கே போகிறது. இரண்டு பக்கமும் வெங்காயம், கூனைப்பூ, அப்புறம் புல் மாதிரி நிற்கும் ஒரு கோரைவகைச் செடி. அதன் வேரில் காய்க்கும் சுண்டைக்காய் அளவுக் கிழங்குதான் சுஃபா. அதை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் ஒர்சாத்தா.

அல்போராயாவில் அதைக் குடித்தவர்கள் அட்டைப்பெட்டியில் வருவதைத் திரும்பத் தொட மாட்டார்கள். பால்வெள்ளையாக இருக்கும், பாலே கிடையாது. நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு ஈரமண் வாசனை கலந்த ஒரு கொட்டைச்சுவை, கடைசியில் மாவு போன்ற ஒரு மெல்லிய நறநறப்பு. கூடவே ஃபார்தோன் என்கிற நீளமான, சர்க்கரை பூசிய மெத்துமெத்தென்ற பன் வரும். கிளாஸில் முக்கி எடுக்க வேண்டும். உறைந்த பனித்துகளாகவும் கிடைக்கும். வெயிலில் மிதித்து வந்தவர்கள் பாதி திரவம், பாதி பனி கலந்து கேட்டுப் பாருங்கள்.

தனியாகப் போவதில் உள்ள மறைசெலவுகளை இனிப் பார்ப்போம். சாதா சைக்கிளுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மின்சைக்கிளுக்கு வாடகை. கார்டில் ஒரு பெரிய தொகையை டெபாசிட்டாகப் பிடித்து வைப்பார்கள். அது திரும்பி வரச் சில நாட்களாகலாம். சைக்கிள் திருட்டு அங்கே சாதாரணமாக நடப்பதுதான். இரண்டு மணி நேரம் பயேயா சாப்பிடும்போது வண்டி கண்ணில் படும் இடத்தில் பூட்டுங்கள். சங்கிலிப் பூட்டு கொடுத்தால் வாங்காதீர்கள். கனமான யு-பூட்டு கேளுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வாடகைக் கடைகள் மதியம் சில மணி நேரம் மூடியிருக்கும் என்பதால் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை எழுதி வாங்குங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குள் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்கும் கட்டாயம். ஊரெல்லையைத் தாண்டிய சாலையில் எல்லோருக்கும் கட்டாயம், எல் பால்மார் வழி அதில் வந்துவிடும். காதில் இயர்ஃபோன் வைத்து ஓட்டினால் அபராதம். நடைபாதையில் ஓட்டக்கூடாது.

## நடந்தே ருசி பார்ப்பது

ஒரே ஒரு நாள்தான் வலென்சியாவில் என்றால் இதைத்தான் சொல்வேன். தயங்காமல் சொல்வேன்.

காலையில் மெர்காடோ சென்ட்ரால். 1928இல் திறந்த இரும்பும் கண்ணாடியும் ஓடுகளுமான கட்டடம். உச்சியில் ஒரு கிளி காற்றுகாட்டியாகச் சுழலும். உள்ளே விலாங்குகள் நெளியும் தொட்டி, உப்பில் காய்ந்த காட் மீன், கொத்துக்கொத்தாகக் காய்ந்த மிளகாய், நத்தைக் கூடைகள், பயேயாவுக்கென்றே சேர்த்துக் கட்டிய அவரையும் பீன்ஸும். இதைப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். சைக்கிள் டூர்க்காரர்கள் கால் மணி நேரத்தில் அவசரமாக வெளியேறும்போது நீங்கள் ஒரு கடையில் நின்று மூன்று வகை ஆலிவ் ருசி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எதிரே லா லோன்ஹா, பட்டு வியாபாரம் நடந்த மண்டபம். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முறுக்கிய தூண்களுக்கு நடுவே நின்றால் இந்த ஊருக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று புரியும். அங்கிருந்து சாந்தா கத்தலினா கோபுரத்தின் அடியில் ஒர்சாத்தா, பிறகு ருஸாஃபா பகுதியில் மதியச் சாப்பாடு. எல்லாமே நடக்கிற தூரம்தான்.

கைடுடன் நடக்கும் உணவு டூரும் உண்டு. அதே பணத்தில் இங்கே சாப்பாட்டுக்கு அதிக நேரம் கிடைக்கும். வைன் குடிப்பதற்கும் தடையில்லை. சாயங்காலம் குடிக்க நினைப்பவர்களுக்கு நடைதான் சரி. காவா என்கிற நுரைக்கும் வைன், ஆரஞ்சு ஜூஸ், ஜின், வோட்கா கலந்த அக்வா தே வலென்சியா 1959இல் இங்கே பிறந்தது. ஜூஸ் மாதிரி இறங்கிவிடும், வேலையைப் பிறகு காட்டும். அதைக் குடித்துவிட்டு எந்தச் சைக்கிளிலும் ஏறாதீர்கள்.

நடையின் மறைசெலவு கால்தான். ஜூலை, ஆகஸ்டில் கல்பாவிய தெருக்களில் மதிய வெயில் சுட்டெரிக்கும். பூங்காவின் மறுகோடியும் கடற்கரையும் நடைக்கு எட்டாது. ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் பல கடைகள் விடுமுறைக்கு மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## சாதா சைக்கிள், மெட்ரோ, பஸ்

பலரும் கண்டுகொள்ளாத வழி இது, சிக்கனமானதும் இதுதான். தட்டையான ஊர் என்பதால் துரியா பூங்காவுக்கும் கபன்யாலுக்கும் சாதா சைக்கிளே தாராளம். நகராட்சியின் வலென்பிசி சைக்கிள்கள் 2010 முதல் இருக்கின்றன. ஒவ்வொரு சவாரியையும் அரை மணிக்குள் முடித்து ஏதாவது ஒரு நிலையத்தில் விட்டுவிடும் வகையில் அமைந்தவை என்பதால், ருசி பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்குச் சௌகரியம். வண்டியைப் பூட்டிக் காவல் காக்க வேண்டியதில்லை. சிக்கல் ஒன்று: கடற்கரை நிலையங்கள் கோடை மாலையில் நிரம்பி வழியும், விட இடம் கிடைக்காது.

அல்போராயாவுக்கு மெட்ரோ 3ஆம் தடம் போகிறது. வெறும் ஒர்சாத்தாவுக்காக என்றால் அது போதும். எல் பால்மாருக்கு நகரப் பேருந்து 24. அடிக்கடி வராது, கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் சூரியன் மறைவதைப் படகில் பார்க்க ஆசைப்படுபவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் சைக்கிளில் திரும்புவது புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கைடுடன் மின்சைக்கிள் | வாடகை மின்சைக்கிள் | நடை | சாதா சைக்கிள், மெட்ரோ, பஸ் |
|---|---|---|---|---|
| எட்டும் தூரம் | டூரைப் பொறுத்தது | எல் பால்மார் வரை | பழைய நகரம், ருஸாஃபா | எல்லா இடமும், நேரம் பார்த்து |
| சாப்பாட்டு நேரம் | குறைவு | நம் விருப்பம் | நிறைய | நம் விருப்பம் |
| குடி | ஒரு கிளாஸோடு சரி | தவிர்ப்பது நல்லது | தடையில்லை | பஸ், மெட்ரோ என்றால் தடையில்லை |
| செலவு | அதிகம் | நடுத்தரம், டெபாசிட் தனி | கைடு இல்லாவிட்டால் மிகக் குறைவு | குறைவு |
| மறைசெலவு | மதியச் சாப்பாடு தனி | திருட்டு, சேதம் | வெயில், கால்வலி | காத்திருப்பு |
| மொழி தெரியாதவர்களுக்கு | எளிது | கொஞ்சம் சிரமம் | சந்தையில் சைகையே போதும் | சிரமமில்லை |

## சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக

இதை அட்டவணையில் ஒரு வரியாக அடைக்க மனம் வரவில்லை, நம்மவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் முதல் கேள்வி. காய்கறிப் பயேயா பல உணவகங்களில் உண்டு. ஆனால் அரிசியை வேகவைக்கும் சாறு கோழி எலும்பிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கலாம். காய்கறிச் சாறில்தான் செய்கிறீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். பேஸ்ட்ரி சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். ஒர்சாத்தா முழுச் சைவம். ஃபார்தோனில் முட்டை இருக்கலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு எஸ்மொர்சாரெத்தில் தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டி கிடைக்கும், நிறைவாக இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் அடுப்பில் சுட்ட அரிசியைத் தவிர்க்க வேண்டும், அதில் பன்றியும் ரத்தச் சாஸேஜும் சேரும். கோழி, முயல் போட்ட பயேயாவில் பொதுவாக அவை இருக்காது. ஹலால் வேண்டுமென்றால் தனியாக விசாரிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கைடு டூர் பலவீனமானது. கடைகளும் தட்டுகளும் முன்பே முடிவானவை. "சைவம் உண்டு" என்று பதில் வந்தாலும், மற்றவர்கள் ஐந்து பண்டம் சாப்பிடும் இடத்தில் உங்களுக்கு ரொட்டியும் தக்காளியும்தான் என்று ஆகிவிடக்கூடும். சைவர்கள் நடந்தோ வாடகைச் சைக்கிளிலோ போவதே மேல்.

## யாருக்கு எது

ஒரு நாள் மட்டும் இருப்பவர்கள் நடக்கட்டும். சாயங்காலம் தெம்பிருந்தால் சாதா சைக்கிளில் துரியா பூங்காவை ஒரு சுற்று.

இரண்டு நாள் இருந்தால், முதல் நாள் நடை, இரண்டாம் நாள் மின்சைக்கிளில் அல்புஃபேரா. என்னைக் கேட்டால் வலென்சியாவுக்கு இதுதான் சிறந்த கூட்டணி. சந்தையில் முதல் நாள் பார்த்த அரிசியையும் விலாங்கையும் மறுநாள் அவை வந்த இடத்திலேயே சாப்பிடுவீர்கள்.

தனியாகப் பயணிப்பவர்கள், ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள், நெடுநாளாகச் சைக்கிள் தொடாதவர்கள் கைடு டூர் எடுப்பது நல்லது. காலை டூராகத் தேர்ந்தெடுங்கள், எஸ்மொர்சாரெத் அதில் இருக்கட்டும். தனியாள் பயேயா பிரச்சினையும் குழுவோடு போனால் தீரும்.

முழங்கால் பலவீனமான பெரியவர்களுக்கு நடையைவிட மின்சைக்கிள் இதம், அவர்களுக்குச் சைக்கிள் பழக்கம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பஸ் 24, எல் பால்மார், படகு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்னிருக்கை கேளுங்கள். ஏழு வயது வரை அதற்கான இருக்கையில் பெரியவர் ஏற்றிச்செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. பிள்ளைகளோடு வடக்கு வழிதான் சரி: தூரம் குறைவு, கார்கள் இல்லாத பாதை, முடிவில் ஒர்சாத்தா.

மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊருக்குள் எந்தச் சைக்கிளும் எடுக்க வேண்டாம். தெருக்கள் அடைத்திருக்கும், கூட்டமும் பட்டாசும் நகரவிடாது. அந்த நாட்களில் தெருமுனைகளில் எண்ணெயிலிருந்து எடுக்கும் பூசணி வடைகளைச் சூடாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நடப்பதுதான் வழி.

## முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

டூர் நடத்துபவரிடம் நான்கே கேள்விகள். நகர எல்லையைத் தாண்டுகிறீர்களா? எத்தனை இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், நின்றபடி எத்தனை? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? மழை பெய்தால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா? பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒவ்வொரு சிக்னலிலும் குழு இரண்டாக உடையும், பாரில் உட்கார இடமும் கிடைக்காது.

வாடகைக் கடையில் காசு கொடுப்பதற்கு முன் வண்டியை நாலு கோணத்தில் ஃபோட்டோ எடுங்கள். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, முன்னும் பின்னும் விளக்கு எரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். பேட்டரி தீர்ந்தாலும் வண்டி ஓடும். ஆனால் எல் பால்மாரிலிருந்து திரும்பும் வழியில் அந்த எடையை உங்கள் கால்தான் இழுக்க வேண்டும். அதனால் போகும்போது குறைந்த உதவியில் ஓட்டி, பாதிக்கு மேல் பேட்டரியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.